கண்ட்ரோல் கன்னம்

ஆறு வருசமா எங்க லேப்லயே நல்ல கன்னம் என்னோடதுதானுங்க. அழகைச் சொல்லலை. அதுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இதுவரைக்கும் பேர் வாங்கினதில்லை. காலையில வந்ததும் காபித் தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி வாயைக் கொப்புளிச்சு, ஒரு பஞ்சுக்குச்சியால உள்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடி ஸ்லைடுல தேய்ச்சு வெச்சிருவேன். அன்னைக்கு டெஸ்டுக்கு வர்ற அத்தனை பேரு கன்னத்தையும் என் கன்னத்தோடதான் ஒத்துப் பார்ப்பாங்க. அதுக்குப் பேரு கண்ட்ரோல். வெத்தலை பாக்கு கிடையாது, குடும்பத்துல யாருக்கும் புற்று கிடையாதுன்னு ஆரம்பத்துலயே என்னைப் பிடிச்சுப் போட்டாங்க. ஆளை மாத்தினா பழைய ஸ்லைடோட ஒப்பிட முடியாதுன்னு அதுக்கப்புறம் மாத்தவே இல்லை.

புற்று வருமா வராதான்னு பார்த்து எங்க லேப் எழுதிக் குடுக்கற கன்னச் சீட்டை வாங்காத ஆள் இப்ப ஊருக்குள்ள யாரும் இல்லை. ஆனா அது எப்படி வருதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. உடம்புல ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா, உள்ளுக்குள்ள ஒரு புரோட்டீன் வந்து மணியடிக்கும். அடிச்சதும் அது கரைஞ்சு போயிரணும். சில செல்லுல கரையாம நின்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். பின்னாடி புற்றுநோயா வர்றது அந்தச் செல்லுதான். உடம்புல எந்த மூலையில அது ஆரம்பிச்சாலும், கட்டியா வர்றதுக்குப் பல வருசம் முன்னாடியே கன்னத்துல அதோட சாடை தெரிஞ்சிரும். அந்தப் புரோட்டீனை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கற ஆன்டிபாடி ஒண்ணு எங்ககிட்ட இருக்குது. அதுல சாயம் ஏத்தி ஸ்லைடு மேல விட்டா, கெட்டிருந்தா பச்சையா மினுங்கும், நல்லா இருந்தா இருட்டா கிடக்கும். இருட்டைப் பார்த்து நிம்மதியாகற தொழில் எங்களுது.

நல்லது நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். பச்சை வந்தவங்களுக்குப் பெரிய டெஸ்டுன்னு ஒண்ணு இருக்குது. ஒவ்வொரு உறுப்புலயும் துளி சதை எடுத்து, இதே ஆன்டிபாடியை விட்டு, எங்க இருக்குதுன்னு கண்டுபிடிச்சு, கடுகளவுல இருக்கறப்பவே வெட்டி எறிஞ்சிருவாங்க. பொழைச்சவங்க எத்தனையோ பேரு வந்து எங்களுக்கு இனிப்புக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதே சமயம் ஜாதகத்தோட கன்னச் சீட்டையும் சேர்த்து அனுப்பற காலமும் வந்துருச்சு. வேலைக்குச் சேரும்போது கேட்கறாங்க, வீடு வாடகைக்குக் குடுக்கறப்பக் கேட்கறாங்க. பெரிய டெஸ்டுக்கு முறை வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் நின்னுபோன பொண்ணுங்க எங்க வராண்டாவுலயே உட்கார்ந்து அழுதிருக்குதுங்க.

இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வருதுன்னுதானே கேட்பீங்க? முயலுக்கு ஊசி போட்டுப் பார்த்தாங்க, ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தாங்க, மெசின்லயே நகல் பண்ணியும் பார்த்தாங்க. எல்லாமே கண்டதுலயும் போய் ஒட்டிக்கிச்சு. சரியா ஒட்டறது ஒரே ஒரு ரத்தத்துல இருந்து எடுக்கறதுதான். அந்த ரத்தம் மூணாவது மாடியில இருந்துச்சு. பேரு சௌடேஸ்வரி, சிறுமுகைக்காரப் பொண்ணு. நாங்க ஈஸ்வரிம்போம்.

அவளுக்கு லூபஸ். சீக்கை அடிக்க வேண்டிய ரத்தம் சொந்த உடம்பையே அடிக்கற சீக்கு அது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணைப் போய் அடிக்கும். இவளுக்கு அந்த மணியடிக்கற புரோட்டீனை அடிக்கற ஆன்டிபாடி ஊறிச்சு. ஊருக்கெல்லாம் சீட்டுக் குடுத்தது இவ சீக்குதான். அதுக்கு இப்ப நல்ல மருந்து வந்துருச்சு. முழுசாப் போட்டா சீக்கு அடங்கிரும், சீக்கு அடங்கினா ஆன்டிபாடியும் நின்னுரும். அதனால பாதி மருந்து. கிட்னி கெடாத அளவுக்கு மருந்து, எங்க பாட்டில் நிறையற அளவுக்குச் சீக்கு. அப்படித்தான் அவளோட ஒப்பந்தம். ஸ்லைடு கெட்டுப்போற அளவுக்கு ஆன்டிபாடி மாறினா மட்டும் மருந்தைக் குறைச்சுக்கலாம்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அப்படி ஒரு நாள் வரும்னு யாரும் நெனைக்கலை.

வாரம் தவறாம அவகிட்ட ரத்தம் எடுக்கறது நான்தான். எடுத்தது மூணு வாரத்துக்கு மேல தாங்காது, சேத்து வைக்கவும் முடியாது, அதனால அவளுக்கும் லீவே கிடையாது. புருசன் ரெண்டு வருசம் நேர்ல வந்து பார்த்தான், அப்புறம் போன்ல பார்த்தான், அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அவ தையல் மெசினைப் போட்டுக்கிட்டு லேப்ல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ரவிக்கை தைச்சா. நான் ஊசியைக் குத்தற நேரத்துல என் கையைப் பார்க்காம, நான் போட்டிருக்கற ரவிக்கையைப் பார்த்து, "இதை எவ தைச்சா, தோள்பட்டையைக் கெடுத்து வெச்சிருக்கா"ம்பா. அவளுக்கு இருந்த ஒரே ஆசை இளநீர். கிட்னிக்கு ஆகாதுன்னு அதைக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. கேட் முன்னாடி இளநீர் வண்டி நிக்கும், மேல இருந்து அதைப் பார்த்துக்கிட்டே இருப்பா. எனக்குக் கூடப் பொறந்தவ யாரும் இல்லை. இவளை நான் தங்கச்சியாத்தான் வெச்சிருந்தேன், சொல்லிக்கறதுக்கு என்ன?

அந்த ஆடி மாசம் ஒரு காலையில என் ஸ்லைடு பச்சையா மினுங்குச்சு.

யாரும் பதறலை. லேப்ல கண்ட்ரோல் போச்சுன்னா, பால் திரிஞ்ச மாதிரி, பாத்திரத்தோட கொட்டிட்டு மறுபடி காய்ச்சுவோம். அன்னைக்கு வந்த ஸ்லைடு பூராத்தையும் கொட்டினோம். மறுநாளும் மினுங்குச்சு. சாயத்தை மாத்தினோம், தண்ணியை மாத்தினோம், மைக்ராஸ்கோப்புக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினோம். கடைசியில டாக்டர் நந்தகோபால், எங்க தலைமை, ஆன்டிபாடிதான் மாறிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு. நல்ல செல்லுலயே போய் ஒட்டுதுன்னா ஆன்டிபாடி புத்தி மாறிருச்சுன்னுதானே அர்த்தம்? அந்த மருந்துதான் அதைக் கெடுக்குது, மருந்தைக் குறைங்கன்னு மேல சொல்லிவிட்டு, சரியாகற வரைக்கும் டெஸ்டையும் நிறுத்தி வெச்சாரு. ஒப்பந்தத்துலதான் அந்த வரி இருக்குதே.

குறைச்சாங்க. என் ஸ்லைடு மினுங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. இன்னும் குறைச்சாங்க. ஈஸ்வரிக்குக் காலு வீங்குச்சு, அப்புறம் முகம் வீங்குச்சு. கன்னத்துல ரெண்டு பக்கமும் செவசெவன்னு படை வந்துருச்சு. என்னக்கா ஆச்சு, எதுக்கு மருந்து குறையுதுன்னு என்னைக் கேட்டா. லேப்ல ஏதோ கோளாறு, சரியாயிரும் கண்ணுன்னு சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

நடுவுல எங்க நங்கை, அதான் வீட்டுக்காரரோட அக்கா, அவங்க மகன் கல்யாணம்னு ஒரு நாள் லீவு போட்டுட்டு அவிநாசி போயிட்டேன். அன்னைக்குக் கண்ட்ரோலுக்கு ஆள் இல்லைன்னு, என்கூட வேலை செய்யற பெலிக்ஸ் அவன் கன்னத்தைச் சுரண்டி வெச்சிருக்கான். ஸ்லைடு இருட்டு. லேப்பே கொண்டாடியிருக்குது. பார்த்தீங்களா, மருந்தைக் குறைச்சதும் வழிக்கு வந்துருச்சுன்னு டாக்டர் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தாராம். மறுநாள் நான் வந்தேன். என் ஸ்லைடு மறுபடி பச்சை. அவ உடம்புல இன்னும் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்குது, அதான் ஆட்டம் காட்டுதுன்னு, மொத்தமாவே நிறுத்தச் சொல்லிட்டாரு.

நேத்து இருட்டு, இன்னைக்குப் பச்சை. ரத்தம் அதேதான், அதே பாட்டில். சாயமும் அதேதான். மாறினது என்னன்னு ரோசனை பண்ணினா, ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருந்துச்சு. இத்தனை படிச்சவங்க இருக்கற இடத்துல இது ஒருத்தருக்கும் தோணாம போச்சேன்னு கேட்காதீங்க, எனக்கே தோணலையே. கண்ட்ரோல்னா நல்லா இருக்கறதுன்னு அர்த்தம். நான் கண்ட்ரோல். அதனால நான் நல்லா இருக்கேன். இதுக்கு மேல யாரும் போகலை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் பெலிக்ஸை நிறுத்தி அவன் கன்னத்தைக் கேட்டேன். கூட்டற பாக்கியம்மாகிட்டக் கேட்டேன், அவங்க சிரிச்சுக்கிட்டே வாயைத் திறந்தாங்க. வாட்ச்மேனையும் விடலை. என்னோடதையும் சேர்த்து வரிசையா வெச்சு, ஒரே பாட்டில்ல இருந்து விட்டேன். பெலிக்ஸ் இருட்டு. பாக்கியம்மா இருட்டு. வாயில எந்நேரமும் புகையிலை அடக்கற அந்த வாட்ச்மேன்கூட இருட்டு. என்னோடது மட்டும் பச்சப்பசேல்னு இருந்துச்சு.

பயந்துட்டேன். வேற என்ன சொல்றது? எத்தனையோ பேருக்கு இந்தப் பச்சையைப் பார்த்துச் சீட்டு எழுதியிருக்கேன், பதறாதீங்க, சீக்கிரமாப் பார்த்துட்டது நல்லதுதான்னு வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். எனக்கு அப்படிச் சொல்லிக்க முடியலை. முதல்ல என்னை நெனைச்சு அழுதேன். அப்புறம்தான் மேல இருக்கறவ நெனைப்பு வந்துச்சு. அவ ரத்தம் தப்பே பண்ணலை. சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத்தான் அவ மருந்தை நிறுத்தி வெச்சிருக்கோம்.

நேரா டாக்டர் ரூமுக்குப் போய் நாலு ஸ்லைடையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. மனுசன் கெட்டவர் இல்லைங்க. எழுந்து வந்து கதவைச் சாத்திட்டு, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாரு.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க, வாணிம்மா?"

"இப்பத்தானுங்க. டாக்டர், ஈஸ்வரிக்கு இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும். அவ மேல தப்பு இல்லை."

அவரு நிதானமா எனக்கு வெளக்கினாரு. மருந்தைக் குறைச்சதுல இருந்து ஆன்டிபாடி மூணு மடங்கு வருதாம். இப்படியே வந்தா, பெரிய டெஸ்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கற கூட்டத்துல பாதியை நாலு மாசத்துல முடிச்சிரலாமாம். நூத்துக்கணக்குல ஆளுங்க, ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு குடும்பம். மருந்தை ஆரம்பிச்சா, அவ ஒப்பந்தத்தைக் கண்காணிக்கற கமிட்டி சும்மா இருக்காது. இவ்வளவு நாள் தப்பாக் குறைச்சதுக்குப் பதிலா இனி முழு மருந்தே குடுக்கச் சொல்லும். அப்புறம் நாலஞ்சு மாசத்துல பாட்டில் வத்திரும். நகல் ஆன்டிபாடி வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருசமாவது ஆகும்.

"உங்களுக்கும் பெரிய டெஸ்ட் வேணுமே, வாணிம்மா. உங்க முறை வர எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள அவ ரத்தம் நின்னுட்டா, உங்களுக்கு எங்க இருக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நாளையில இருந்து பெலிக்ஸைக் கண்ட்ரோலா வெச்சுக்கறோம். யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. நீங்களும் கேட்க வேண்டாம்."

மெரட்டலைங்க அவரு. கெஞ்சற மாதிரிதான் சொன்னாரு. அவரு சொன்னதுல பொய் ஒண்ணுகூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பொய்யா இருந்தா எதுத்துக் கேட்டிருப்பேன்.

மாடிக்குப் போனேன். ஈஸ்வரி மெசின் முன்னாடி உட்கார்ந்திருந்தா. தைக்கலை. நூலை ஊசியில கோக்கப் பார்த்துக்கிட்டு இருந்தா. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக் கிடந்துச்சு, விரல் மடங்கலை. நூலு ஊசிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகுது. என்னைப் பார்த்ததும் நூலைக் கீழ போட்டுட்டு, கையை நீட்டினா. ரத்தம் எடுக்கத்தான் வந்திருக்கேன்னு நெனைச்சுக்கிட்டா.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு" ன்னேன்.

"எடுத்துக்கங்கக்கா. எனக்குத்தான் ஒண்ணுக்கும் ஆகாம போச்சு இந்த உடம்பு. யாருக்காவது ஆகட்டும்."

நூலை எடுத்து ஊசியில கோத்துக் குடுத்துட்டு வந்தேன். என் கண்ணுக்கும் அது சரியாத் தெரியலை.

வியாழக்கிழமை கமிட்டி கூடுச்சு. வெளியூர் டாக்டருங்க, ஒரு வக்கீலம்மா, கலெக்டர் ஆபீசுல இருந்து ஒருத்தர். நான் நாலு ஸ்லைடையும் மேசை மேல வெச்சு, இது என் கன்னம்னேன். டாக்டர் நந்தகோபால் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வக்கீலம்மா என்னைப் பார்த்து, இதைச் சொன்னா உங்க பேர் பச்சைக்காரங்க வரிசையில ஏறிரும், தெரியுமில்லேன்னு கேட்டாங்க. தெரியுமுங்கன்னேன். டாக்டர் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஈஸ்வரிக்கு முழு மருந்து ஏறுச்சு.

பேர் ஏறினப்புறம் என்ன ஆகும்னு அடுத்தவங்களுக்கு ஆனதைப் பார்த்துத் தெரிஞ்சு வெச்சிருந்தேன். நமக்கு ஆகறப்ப வேற மாதிரி இருக்குது. எங்க ஒறம்பரையில, சொந்தக்காரங்க வீட்டுல, ஒரு கல்யாணத்துக்கு ஆரத்தி எடுக்க வரச் சொல்லியிருந்தவங்க, அலுங்காம வேற ஆளை வெச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் என்னை எதுவும் கேட்கலை. எங்க இருக்குதுன்னு தெரியாத ஒண்ணை என்னன்னு கேட்பாரு? ராத்திரி என் தலை மேல கையை வெச்சுக்கிட்டுத் தூங்க ஆரம்பிச்சாரு, அத்தனை வருசத்துல இல்லாத வழக்கமா.

லேப்ல என்னை எடுத்துடலை. பச்சைன்னு நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லதுன்னு வெச்சுக்கிட்டாங்க. கண்ட்ரோல் வேலை பெலிக்ஸுக்குப் போயிருச்சு. ஆனா பழக்கம் விடலை. வாரா வாரம் என் கன்னத்தையும் சுரண்டி, வரிசையில கடைசியா வெச்சிருவேன்.

முதல் மாசம் அதே பச்சை. அப்புறம் கொஞ்சம் மங்குச்சு. அந்த வாரம் மேல போனா, ஈஸ்வரி முகத்துல வீக்கம் வடிஞ்சிருந்துச்சு. அடுத்து இன்னும் மங்குச்சு. அவ படிக்கட்டு ஏறி இறங்க ஆரம்பிச்சா. பெரிய டெஸ்டுக்கு ஆன்டிபாடி எச்சா, நெறையவே வேணும், அதைத்தான் முதல்ல நிறுத்தினாங்க. என் முறை வரவே இல்லை. கன்னச் சீட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கெட்டதைப் பிடிக்குதான்னு பார்க்கறதுக்கு எங்ககிட்ட ஒரு கண்ட்ரோல் உண்டு, பாட்டில்ல வளர்க்கற புற்றுச் செல்லு. அது பச்சையாப் பிடிச்சு எரியும், பாதி உசுரு போன ஆன்டிபாடியை விட்டாலும் எரியும். அது எரிஞ்சதைப் பார்த்து எல்லாம் சரியா இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

தை மாசம் ஒரு நாள் பெலிக்ஸ் மைக்ராஸ்கோப்புல இருந்து தலையைத் தூக்கி, கண்ணு கலங்க என்னைக் கூப்பிட்டான். என் ஸ்லைடு இருட்டு. சுத்தமான இருட்டு. அக்கா, உங்களுக்குச் சரியாயிருச்சுக்கான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பாக்கியம்மா ஓடிவந்து நெட்டி முறிச்சாங்க. நான் குனிஞ்சு பார்த்தேன். ஆறு வருசமா இருட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டவ, இந்த இருட்டு என் உடம்புல இருந்து வரலைன்னு எனக்குத் தெரியாதா?

டாக்டர்கிட்டப் போய், சார், இனி இது யாரையும் காட்டாது, என்னையே காட்டலைன்னு சொன்னேன். அவருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே டெஸ்டை நிறுத்தி, கடைசி மாசத்துச் சீட்டு எதுவும் செல்லாதுன்னு அறிவிச்சுட்டாரு. போறப்ப என் கையில ஒரு சீட்டைக் குடுத்தாரு. என் பேருதான். நார்மல்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாரு. இதுவும் செல்லாதே டாக்டர்னேன். தெரியும் வாணிம்மா, என்னால வேற ஒண்ணும் குடுக்க முடியலைன்னாரு. மடிச்சுப் பர்சுல வெச்சுக்கிட்டேன்.

ஈஸ்வரி ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு நான்தான் கேட் வரைக்கும் கூடப் போனேன். ஒரு கையில தையல் மெசினோட தலைப்பாகம், ஒரு கையில துணிப்பை. ரெண்டையும் அவளே தூக்கிக்கிட்டா, என்கிட்டத் தர மாட்டேனுட்டா. இளநீர் வண்டி முன்னாடி நின்னு, ரெண்டு வெட்டச் சொன்னா. கிட்னி டாக்டரே குடிக்கலாம்னு சொல்லிட்டாராம். ஒரே மூச்சுல குடிச்சுட்டு, காயைத் தலைகீழாக் கவுத்துக் காட்டினா, ஒரு சொட்டு விழலை. தாடையில வழிஞ்சதைப் பொறங்கையால துடைச்சுக்கிட்டா. கன்னத்துல அந்தப் படை இருந்த இடமே தெரியலை.

"பெலிக்ஸ் அண்ணன் சொன்னாருக்கா. உங்களுக்கும் சரியாயிருச்சாமே. எனக்கு அதுதான் வெசனமாவே இருந்துச்சு. என் மருந்தை ஆரம்பிச்சதால உங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு."

அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. பஸ் வந்துருச்சு.

"சரியாயிருச்சு கண்ணு. சுத்தமா இருட்டு. சீட்டே குடுத்துட்டாங்க, பாரு" ன்னு பர்சைத் திறந்து எடுத்துக் காட்டினேன்.

அதை வாங்கி எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சா. அப்புறம் பத்திரமா மடிச்சு, என் பர்சுலயே திரும்ப வெச்சு, ஜிப்பை இழுத்து மூடிட்டுப் பஸ் ஏறினா. எனக்கு வாங்கின இளநீர் என் கையிலயே இருந்துச்சு. நின்னு அதைக் குடிச்சு முடிச்சுட்டு உள்ள போனேன்.